கிணத்தடி வைரசு

அந்த மாரி முழுக்க எனக்கு ஆறுகளின் பெயர்கள்தான் வாயில் கிடந்தன. எபோலா. மச்சுப்போ. ஒன்று ஆபிரிக்கக் காட்டுக்குள் ஓடுகிறது, மற்றது தென்னமெரிக்காவில். இரண்டையும் நான் கண்டதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், மழையில் வெளுத்துப்போன வானத்தைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கும்போதும் அந்தப் பெயர்களை நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன். கேட்டவர்கள் நான் வெளிநாடு போக ஆசைப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அவை காய்ச்சல்களின் பெயர்கள். உடம்புக்குள்ளே குருதி கரை உடைத்துப் பாய்ந்து ஆளைக் கொல்லுகிற காய்ச்சல்கள்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து முடித்து, அரசாங்க நியமனம் வரும் வரும் என்று இருந்த காலம் அது. கல்முனையில் ஒரு தனியார் வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் ஒரு மண்டபம். அதற்கு மேலே கட்டி முடியாத தட்டு. மழை பெய்தால் என் குரல் எனக்கே கேட்காது. ஆனாலும் கத்திப் படிப்பிப்பேன். பாடத்தில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பிப்பேன்.

வைரசுகளைவிட அவற்றுக்குப் பெயர் வைத்த கதைகளில்தான் எனக்குப் பைத்தியம். எபோலாவை எடுங்கள். அந்தக் காய்ச்சல் சனங்களை வாரிக்கொண்டுபோன ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆராயப் போனவர்கள் அந்தப் பெயரையே வைரசுக்கும் வைத்திருக்கலாம். வைத்தால், தப்பிப் பிழைத்தவர்கள் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்கள். ஒரு சின்ன வரைபடத்தைப் பார்த்து, பக்கத்தில் ஓடுவதாகத் தெரிந்த ஆற்றின் பெயரைத் தூக்கி வைத்தார்கள். பிறகு பார்த்தால் அந்த ஆறு அவ்வளவு பக்கத்திலும் இல்லையாம். எனக்கு அந்தப் பிழைகூடப் பிடித்திருந்தது. எங்கோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆறு, கேட்காமலே ஓர் ஊரின் பாரத்தை வாங்கிக்கொண்டது.

மார்பர்க்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. குரங்குகள் வந்தது ஆபிரிக்காவிலிருந்து, பெயர் விழுந்தது அந்தக் குரங்குகளை ஆய்வுகூடத்துக்கு இறக்கிய ஜேர்மன் நகரத்துக்கு. அமெரிக்காவில் எலிகளிலிருந்து தொற்றுகிற ஒரு வைரசுக்கு ஓர் இடத்தின் பெயரை வைக்கப் போக, அந்த இடத்துச் சனங்கள் மறுத்துவிட்டார்கள். வேறோர் இடத்தைச் சொல்ல, அங்கேயும் மறுப்பு. கடைசியில் ஸ்பானிய மொழியில் ‘பெயரில்லாதது’ என்றே பெயர் வைத்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு நிமிடம் பேனைகள் நின்றுவிடும்.

வகைப்படுத்தலும் அப்படித்தான். பாடப் புத்தகத்தில் வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படிகளாக அடுக்கியிருக்கும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் எங்கள் குடிகளை இழுத்துவருவேன். நம் ஊரில் பிள்ளை தாயின் குடியில்தான் சேரும், தகப்பனின் குடியில் இல்லை, அதுபோல வைரசும் எந்த வழியில் வந்தது என்று பார்த்துத்தான் குடும்பத்தில் சேர்ப்பார்கள் என்பேன். எபோலாவும் மார்பர்க்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நூல் மாதிரித் தெரிவதால் நூல் குடும்பம். அண்மையில் ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு சொல்லில் புதுப் பெயர் கொடுத்தபோது, ஒன்றின் இரண்டாம் சொல்லில் சயீர் என்ற நாடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அந்த நாடே அந்தப் பெயரைக் கழற்றி எறிந்து எவ்வளவோ காலம். நாடு விட்டாலும் காய்ச்சல் விடவில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த நான்தான் அந்த வேலையைச் செய்தேன்.

என் மாமாவின் மகள், என் மச்சி, கிணத்தடி ஒழுங்கையில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரே வயது. ஒழுங்கைக்கு மாநகரசபை ஏதோ ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அது கிணத்தடிதான். மாமா அங்கே அவளுக்கென்று ஒரு வீடு கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வீடு என்பது வெறும் வீடு அல்ல, கல்யாணத்தில் பாதி. மாப்பிள்ளை ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. மழை விட்டதும் என்று பேச்சு.

அந்த வாரம் கிணத்தடி ஒழுங்கையில் காய்ச்சல் தொடங்கியது. அங்கே இருக்கிற என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். பிறகு அதில் ஒரு பிள்ளையின் தாய். அவவுக்குப் பல் முரசிலிருந்து குருதி வரத் தொடங்க, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். டெங்குதான். மாரி வந்தால் டெங்கும் வரும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம்.

அன்றைக்கு வகுப்பில் வெள்ளைப் பலகையில் ஓர் அட்டவணை போட்டேன். குருதிப்பெருக்குக் காய்ச்சல் வைரசுகளும் பெயர் வந்த இடங்களும். மார்பர்க் - நகரம். லாசா - ஊர். எபோலா - ஆறு. மச்சுப்போ - ஆறு. பின் வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கு நித்திரை வருவதைக் கண்டேன். எனக்கு எப்போதும் கை முந்தி, மூளை பிந்தி. சிரிக்க வைக்கலாம் என்று கடைசி வரியாக எழுதினேன்: கிணத்தடி - ஒழுங்கை.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி அடித்தது. பலகையை அழிக்கவில்லை.

யாரோ ஒரு பிள்ளை அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் அல்ல, என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று. அந்தப் படம் அடுத்தடுத்த கைகளுக்குப் போகப் போக, மேலே இருந்த தலைப்பும் கீழே இருந்த வரியும் மட்டும் மிஞ்சின. கல்முனையில் எபோலா மாதிரி ஒரு புது வைரசு கண்டுபிடித்து, அதற்குக் கிணத்தடி என்று பேரும் வைத்துவிட்டார்கள். வைத்தது கெம்பஸ் படித்த டீச்சர். மட்டக்களப்புக்குப் போன தாய் மவுத்தாகிவிட்டதாக இரண்டு முறை செய்தி வந்தது. இரண்டு முறையும் அவ கட்டிலில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தா.

மூன்றே நாளில் ஒழுங்கை ஒரு தீவாகிவிட்டது. காலையில் பாண் கொண்டுவரும் ஓட்டோ ஒழுங்கை முகப்பு வரைக்கும் பாட்டோடு வந்து, பாட்டை நிறுத்தாமலே கிறுகி வந்த வழியே போகும். மீன்காரர் சைக்கிளை வீதியில் வைத்துக்கொண்டு, வேண்டுமானால் வெளியே வாங்க என்று கத்துவார். நான் உண்மையை எழுதிப் போட்டேன். இது டெங்கு, டெங்கு வேறு குடும்பம், மஞ்சள் காய்ச்சல் வைரசின் சொந்தம், நுளம்பு கடித்தால்தான் தொற்றும், ஆளுக்கு ஆள் தொற்றாது, நாலு வகை இருக்கிறது, நாலுக்கும் இடப்பெயர் இல்லை, ஒன்று இரண்டு மூன்று நாலு என்றுதான் பெயர். மிக நீளமாக எழுதினேன். யாரும் பகிரவில்லை.

ஒலுவிலில் இருந்து மாமிக்குத் தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் உம்மா கத்தவில்லை, குற்றம் சொல்லவும் இல்லையாம். மகனை அந்த ஒழுங்கைக்கு அனுப்ப மனம் வரவில்லை, வேறு இடத்தில் ஒரு வீடு பாருங்கள், இல்லாவிட்டால் நாளைக் கொஞ்சம் தள்ளிவைத்து யோசிப்போம் என்று மட்டும் சொன்னாவாம். மாமாவிடம் வேறு காணி வளவு கிடையாது. தள்ளிவைப்பது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் ஓடிப்போனேன். மச்சி புது வீட்டின் முன்மண்டபத்தில் தும்புத்தடியோடு நின்றாள். மழைச்சாரல் உள்ளே அடித்திருந்தது, தரையில் அவள் விம்பம் தலைகீழாகக் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, வழக்கம்போல விளக்கத்துக்குள் போய்விட்டேன். அவள் கையைத் தூக்கினாள்.

“ஊரிட பேர வைக்கப்படாதெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிச்சிட்டு, அதே பலகையில எங்கட ஒழுங்கைட பேர எழுதியிரிக்காய். மறந்துபோய் எழுதல்ல. ஞாபகத்தோட எழுதியிரிக்காய்” என்றாள்.

“பகிடிக்கு எழுதின மச்சி.”

“நீ பகிடிக்கு எழுதின. நான் அதுக்குள்ள இரிக்கன்.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து வீடு. மழை விடுவதும் தொடங்குவதுமாக நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஊருக்கு மேற்கே வயல் எல்லாம் தண்ணீருக்குள் நின்றது, பஸ்ஸில் பார்த்தால் வானம் கீழே இருப்பது மாதிரி. வகுப்பு முடிந்த பிறகும் மேல்மாடிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மாலை வெளிச்சம் பச்சையாக இருக்கும். முழங்காலில் ஏதோ கடிக்கும், தட்டிவிடுவேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலால் அமத்துவது போல ஒரு நோவு. மறுநாள் எழும்ப முடியவில்லை.

காய்ச்சல் எனக்குப் பயங்கரமாக இருக்கவில்லை, அதுதான் பயங்கரம். இதமாக இருந்தது. எபோலா ஆறு பிரதான வீதி வழியாக வந்துகொண்டிருந்தது, வெள்ளைத் தண்ணீர், அவசரமே இல்லாமல். பள்ளிவாசலைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, கிணத்தடி ஒழுங்கைக்குள் திரும்பியது. என் பிள்ளைகள் தோணிகளில் இருந்து வரவு சொன்னார்கள். ஒவ்வோர் அலைக்கும் ஒரு பெயர் வை என்று யாரோ கேட்டார்கள். வைத்துக்கொண்டே போனேன். ஒன்றை வைக்கும்போது முன்னதன் பெயர் கழன்று தண்ணீரில் போய்விடும். மச்சி வீட்டு வாசலில் நின்றாள். அவளைக் கூப்பிட வேண்டும், அவளுடைய பெயர் மட்டும் வரவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி நுளம்பு வலைக்குள் இருந்தேன். வெள்ளை வலையினூடாக எல்லாமே பஞ்சில் செய்தது போலத் தெரிந்தது. டெங்கு என்று உம்மா சொன்னா. எனக்கும்தானா என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம் சுகாதாரப் பரிசோதகர் படிவத்தோடு வந்தார். பாண்டிருப்புக்காரர், என் வயதுதான் இருக்கும், சேட்டுப் பையில் ரோச் லைட். காய்ச்சல் வந்தவர்கள் முந்திய இரண்டு கிழமையும் எங்கெங்கே இருந்தார்கள் என்று பதிய வேண்டுமாம்.

“கிணத்தடி ஒழுங்கைக்கு எப்ப கடைசியாப் போனீங்க?” என்று எழுதத் தயாராகக் கேட்டார்.

“போகல்ல சேர். பத்து நாளைக்கு மேல.”

“சொந்தக்காரர் இருக்கிறாங்க எண்டு அம்மா சொன்னாவே.”

“மச்சி என்னோட கதைக்கிறல்ல.”

பேனை நின்றது. “இதுக்கு இதில இடம் இல்ல” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு, அப்படியானால் நுளம்பு கடிக்கிற நேரத்தில், காலையிலும் பின்னேரமும், எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

வகுப்பில், என்றேன். சொன்ன கையோடு வலைக்குள்ளே எழும்பி உட்கார்ந்துவிட்டேன். நாலு பிள்ளைகள், நாலு பேரும் என் நாலு மணி வகுப்பு. அந்தத் தாய் மகளைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை படிக்குக் கீழே பைக்கட்டுகளோடு காத்திருக்கிறவ. நான் கிணத்தடியில் இல்லை. எங்கள் ஆறு பேருக்கும் பொதுவானது அந்த ஒழுங்கை இல்லை. நோயாளிகள் எங்கே படுத்திருந்தார்களோ அந்த இடத்தின் பெயரைத்தான் நான் பலகையில் எழுதியிருக்கிறேன். நுளம்பு எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

இன்னொன்றும் நினைவு வந்தது. இதைச் சொல்லாமல் விடலாம், ஆனால் விட்டால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை.

மேல்தட்டில் கம்பிகளுக்கு மேலே போட்ட பொலித்தீனில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்தில் சீமெந்து குழைக்கிற ஒரு பீப்பாய், அதிலும் தண்ணீர். கூட்டுகிற அக்கா அதை ஊற்றப் போனபோது தடுத்தது நான். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. உருமாற்றம் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும், இரண்டு கிழமை அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருந்தேன். போத்தலில் அள்ளி வகுப்பில் சுற்றக் கொடுத்தேன். இது கியூலெக்ஸ், டெங்கு நுளம்பு இல்லை, பயப்படாதீங்க என்றேன். வாலில் இருக்கிற மூச்சுக்குழாய் நீளமா கட்டையா என்று பார்த்தால்தான் பிரித்தறியலாம். நான் சரியாகப் பார்க்கவில்லை. பெயர் தெரிந்த சந்தோஷத்தில் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அதையும் பரிசோதகரிடம் சொன்னேன். அவர் அதை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எழுதினார். அன்று பின்னேரமே போய்ப் பார்த்திருக்கிறார். கட்டைக் குழாய்தான், டெங்கு நுளம்பேதான். தட்டு துப்புரவாக்கப்பட்டது, வகுப்பு ஒரு கிழமை பூட்டப்பட்டது. வகுப்பை நடத்துகிறவர் எனக்கு ஒரு நீளமான குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, ஒலுவிலுக்குப் போவோம் என்றேன். மச்சி உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. மாமி கேட்டு முடித்துவிட்டுப் பர்தாவை எடுத்தா.

ஒலுவிலில் மாப்பிள்ளையின் வீடு கடற்கரை வீதியில் இருந்தது. வீதி என்று சொல்ல முடியாது, ஒரு பக்கத்தைக் கடல் கடித்திருந்தது. வேர் வெளியே தெரிய ஒரு தென்னை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. காலைநேரம், மழை விட்டிருந்தது. கடல் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சாந்தமாக, ஒன்றுமே செய்யாதது மாதிரிக் கிடந்தது. மாப்பிள்ளையின் உம்மா பாயை விரித்து, தேத்தண்ணி தந்து, என் முகத்தைப் பார்த்து, இன்னும் காய்ச்சல் விடவில்லையா என்று கேட்டா.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சுருக்கமாகத்தான். காய்ச்சல் வந்தது என் வகுப்பிலிருந்து. தண்ணீரைத் தேக்கி வைத்தது நான். பெயரை எழுதியதும் நான். கிணத்தடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சாச்சி.

அவ கடைசிவரை கேட்டா.

“டெங்கெண்டு எனக்கு முதலே தெரியும் புள்ள. மகன் செல்லிட்டான். நான் காய்ச்சலுக்குப் பயப்படல்ல” என்றா. “நாளைக்கு ஒரு பேரப்பிள்ள பொறந்தா, அது தாயிட ஊட்டுலதான் வளரும். ‘எந்த ஊட்டுப் புள்ள’ எண்டு கேட்டா என்ன பதில் வரும்? அந்த வைரசு ஒழுங்கைப் புள்ள எண்டு வரும். ஒண்ட பலகைய அழிச்சிடலாம். அத எப்பிடி அழிக்கிற?”

எல்லா வைரசுகளின் பெயர்க்கதையும் தெரிந்த எனக்கு, ஒரு பெயரைத் திருப்பி எடுத்த கதை ஒன்றாவது தெரியுமா என்று யோசித்தேன். புத்தகங்களில் பெயர் மாற்றுவார்கள். மார்பர்க் என்ற ஊரைச் சொன்னால் எனக்கு முதலில் நினைவு வருவது எது?

மாமி மெல்ல அழத் தொடங்கினா. அதைக் கண்டு அந்த உம்மாவுக்கும் மனம் இளகியிருக்க வேண்டும். ஒரு வழி சொன்னா. வீடு அதுவே இருக்கட்டும், நாளும் அதுவே இருக்கட்டும், கல்யாணக் கார்ட்டில் மட்டும் கிணத்தடி என்ற பெயர் வேண்டாம், மாநகரசபை கொடுத்த இலக்கத்தைப் போடுங்கள் என்றா. மாமி உடனே சம்மதித்தா. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தா. ஒரு சின்ன வரி. அச்சில் ஒரு சொல் குறைந்தால் யாருக்கு என்ன?

மச்சிக்கு அது சின்ன வரி இல்லை.

“போட மாட்டன்” என்றாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் எனக்கு முன்னால் வாய் திறந்தது அன்றுதான். “பேர ஒளிச்சா, ஒளிக்க என்னமோ இரிக்கெண்டுதானே அர்த்தம்? அந்தக் கார்ட்டக் கொண்டு ஒவ்வொரு ஊடாப் போனா, ஒவ்வொரு ஊட்டுக்கும் நாங்களே செல்லிக் குடுக்கிற மாதிரி.”

மாமி கெஞ்சினா. மாமா வெளியே போய்விட்டார். மச்சி தாயின் போனை எடுத்து, நாங்கள் தடுக்கும் முன் ஒலுவிலுக்கு அழைத்தாள். எங்கள் ஊரில் கல்யாணம் பேசிய பெண் மாமியாருக்குத் தானாக அழைத்துக் கதைப்பது வழக்கமில்லை. ஆனால் அவள் மரியாதையாகத்தான் கதைத்தாள். ஸலாம் சொன்னாள், சுகம் விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

“மாமி, ஒங்கட வீதிய கடல் திண்ட வீதியெண்டு இஞ்ச சில பேர் செல்றாங்க. அங்கயிருந்து மாப்பிள்ள எடுக்காதீங்கெண்டு வாப்பாக்கிட்டயும் செல்லியிரிக்காங்க. நான் ஒரு நாளும் அதக் கேக்கல்ல. கேக்கவும் மாட்டன்.”

மறுபக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. மச்சி “ஓம்” என்றாள், இன்னொரு முறை “ஓம்” என்றாள், போனை வைத்தாள். மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டா.

அதற்குப் பிறகு நாலு நாள் ஒலுவிலில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் கிணத்தடிக்குப் போனேன். மச்சி என்னை வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வேலை தந்தாள். ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன், திரைச்சீலை மாட்டினேன். புது வீடு காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம். யாரும் குடியிருக்காத அறைகளில் குரல் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பி வந்தது. அந்த நாலு நாளும் எனக்குக் காய்ச்சலின் மிச்சம் போலவே இருந்தன. எதையும் வேகமாகச் சொல்லத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஐந்தாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா தனியாக வந்தா. கையில் ஒரு பை நிறையக் கருவாடு. மாமி பதறியடித்துக்கொண்டு பாய் தேடினா, அவ வெறும் தரையிலேயே இருந்துவிட்டா. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தா. சுவரைத் தட்டிப் பார்த்தா. மச்சி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நிற்பது கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த பாதங்களால் எல்லோருக்கும் தெரிந்தது.

“கார்ட் அடிச்சிட்டீங்களா?” என்று கேட்டா.

இல்லை, மாதிரி மட்டும் வந்திருக்கிறது என்று மாமி மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தா. மச்சி சொல்லியபடி அதில் கிணத்தடி ஒழுங்கை என்றே இருந்தது. அவ அதைக் கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தா. கண்ணாடி கொண்டுவரவில்லை போல. என் பக்கம் நீட்டினா.

“பேர் வைக்கிற ஆள் நீதானே. வாசி.”

வாசித்தேன். பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி, பெற்றோர், மணமகள், மணமகளின் விலாசம். கிணத்தடி என்பதையும் மற்றச் சொற்களை வாசித்தது போலவே வாசித்தேன். மணமகனின் விலாசம் என்ற இடத்தில் ஒலுவில் என்று மட்டும்தான் இருந்தது. மாதிரி கேட்டபோது அவர்கள் அவ்வளவுதான் எழுதித் தந்திருந்தார்கள்.

அவ எட்டி அந்த இடத்தில் விரலை வைத்தா.

“எங்கடயையும் முழுசாப் போடுங்க” என்றா. “கடற்கர வீதி எண்டு. இலக்கத்தோட.”

மாமி என்னைப் பார்த்தா, நான் கதவைப் பார்த்தேன். கதவுக்குக் கீழே இருந்த பாதங்கள் இரண்டும் அப்படியே நின்றன. என் கையில் பேனை இருந்தது. மாதிரியின் ஓரத்தில், அச்சகத்தாருக்கு விளங்கும்படி, கடற்கரை வீதி என்ற அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் பெரிதாக எழுதினேன்.